நெல் கடியாத ஓலை

அறம் நிலைக்க. மழை தவறாத மலையும் மதில் தாழாத நகரும் உடைய நீலவரை நாட்டு வேந்தர் மாவண்கோ அவர்களின் ஆணைப்படி, அமைச்சர் கண்ணந்தை ஆதித்தர், செங்குவட்டுக் கோட்டை காக்கும் தலைவர் வில்லவதரையருக்கு எழுதுவித்த ஓலை. தங்கள் குடிகளும் எல்லைச் சுனைகளும் வாடாதிருக்க.

தங்கள் சிறையில் கழுமரத்துக்குக் காத்திருக்கும் சேந்தி என்பவள் பொருட்டு இது விரைந்து வருகிறது. இவ்வாண்டு மலையில் மூங்கில் பூத்ததும், அம்மூங்கில் அரிசி தின்று பெருகிய காட்டெலிகள் தலைநகர்க் களஞ்சியத்தில் இறங்கியதும், அவற்றைப் பிடிக்க மலைக்குடிப் பெண்ணான அவளை அமர்த்தியதும் தாங்கள் அறிந்தவை. பின்னர்க் களஞ்சியக் காவலர் ஒவ்வொருவராய்க் காய்ச்சலில் விழுந்து, கண் சிவந்து, குருதி கக்கி மாண்டனர். அவள் ஒருத்தி நலமாயிருந்தாள், அதுவே குற்றமாயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி உண்டோ? நெல்லில் நஞ்சிட்டாள் என்றார்கள். மன்றமும் ஆம் என்றது.

அரண்மனை மருத்துவர் திருமேனியாருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. மாண்டவர் வாயைக் கழுவியவர் அவர். அவர் அறிந்த நஞ்சு எதன் நாற்றமும் அங்கே இல்லை. பொறியில் அகப்பட்ட காட்டெலிகளை வருவித்துக் கழுத்தைக் கீறிப் பார்த்தார். காதடியில் பரந்து கிடப்பதும், தாடைக்கீழ் இணையாய் அமைந்ததும், நாவடியில் சிறிதாய் ஒட்டியிருப்பதுமான உமிழ்நீர்ச் சுரப்பிகள் நோயற்ற எலியில் ஊறிய பயறுபோல் வெளுத்திருந்தன. இவற்றிலோ தாடைக்கீழ்ச் சுரப்பி வீங்கிக் கறுத்திருந்தது. பிதுக்கினால் தெளிந்த நீருக்குப் பதில் குழகுழத்த செந்நீர் கசிந்தது. அந்நீர் தடவிய பச்சை நெல்லைத் தின்ற முயல் அதே கண்சிவப்போடு செத்தது. அந்நீர் தடவி அவித்த நெல்லைத் தின்ற முயல் பிழைத்தது.

அப்போதுதான் அவருக்கு உண்மை விளங்கியது. காவலர் விடியல்தோறும் அரசரின் களஞ்சிய நெல்லொன்றைப் பச்சையாய்க் கடித்து விசுவாசம் உரைப்பது நம் மரபு; எலி வாய்வைத்த நெல்லைத்தான் அவர்கள் கடித்திருக்கிறார்கள். மலைக்குடியாள் என்று சேந்திக்கு மட்டும் அவ்வுரிமையை நாம் மறுத்திருந்தோம். நாம் செய்த அவமதிப்பு அவளைக் காத்தது. அவள் பிழைத்ததற்காகவே அவளைக் கொல்லத் துணிந்தோம்.

முயலின் சாவு சான்றாகாது என்றது மன்றம். மனிதர் சாட்சியும் அக்களஞ்சிய நெல்லைக் கடித்துச் சொன்னால்தான் சபையேறும். நெல்லை அவித்துத் தருமாறு மருத்துவர் வேண்டினார். அவித்த நெல் முளைக்காது, முளைக்காத நெல்லில் சத்தியம் நில்லாது என்று மூத்தோர் மறுத்தனர். அவர் பச்சை நெல்லையே உள்ளங்கையில் வாங்கினார். பிறகு கடித்தார். கண்டதையெல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மன்றம் தீர்ப்பை மாற்றியது. இன்று அவர் கண் சிவந்திருக்கிறது.

ஆகவே, ஓலை கண்ட கணமே சேந்தியின் விலங்கைத் தறித்து, அவளைத் துணையோடு அவள் மலைக்கு அனுப்புக. மருத்துவர் மாண்ட செய்தி பின்னே வருமாயின், அது அவள் சாபம் என்று எவரும் வாய் திறவாதிருக்க. இதை அவரே கேட்டுக்கொண்டார்.

அரச ஓலை பெறுவோர் கடித்துப் பணிவதற்கென முடிந்தனுப்பும் நெல் இத்துடன் வரவில்லை. அதுகொண்டு ஆணையை ஐயுற வேண்டா. இலச்சினை மெய். கையால் தொட்டு, கடியாமலே நிறைவேற்றுக.