கழுவாத வரிசை

இன்று காலை போஞ்சி விதை ஊறிய கோப்பையைத் திறந்ததும் பச்சை வாசம் மூக்கில் ஏறியது. மேலே மெல்லிய நுரை. தண்ணீரைக் கொட்டப் போன கையை என்றோ நீ போட்ட அதட்டல்தான் நிறுத்தியது. "ஏ புள்ள, அத ஊத்தாத. மாப்பிள வீட்டுக்காரங்களுக்கு வழி சொல்ற தண்ணி அது."

விதை ஊறும்போது புரதங்கள் கசியும் என்றாய். அதில் லெக்டின் என்று ஒன்று, மண்ணில் தனக்கேற்ற பாக்டீரியாவை அடையாளம் கண்டு வேரோடு சேர்த்துவைக்க உதவுமாம். விதையை அலசிக் கழுவினால் அந்தச் சம்பந்தம் தட்டிப்போகுமா என்பதுதான் உன் பட்டத்துக்கான கேள்வி. அதற்காகப் பூண்டுலோயாவில் எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் இரண்டு வரிசை போட்டாய். ஒன்று கழுவிய விதை, மற்றது கழுவாதது. பிறகு சிகிச்சைக்குக் கண்டிக்குப் போனாய். செடிகளை என்னிடம் விட்டுப் போனாய்.

ஒரே பெஞ்சில் படித்தவர்கள் நாம். நீ கெம்பஸுக்குப் போனாய், நான் தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணைக்குப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான்: வேரில் முடிச்சு என்றால் புழு, பிடுங்கி எரி. கழுவாத வரிசையில் ஒரு செடி வாடியிருந்தது. பிடுங்கினேன். வேரெல்லாம் முடிச்சு. அடுத்ததிலும் அப்படியே. உன் படிப்பைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்த வரிசையையே பிடுங்கி எரித்தேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதால் மற்ற வரிசை தப்பியது.

நீ வந்ததும் பெருமையாகச் சொன்னேன். உன் முகம் போன போக்கில்தான் ஏதோ தப்பு என்று புரிந்தது. அந்த முடிச்சுக்குள்தான் பாக்டீரியா குடியிருந்து, காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உணவாக்குகிறது என்று அப்போதுதான் விளக்கினாய். மறுபடி விதைக்க உன் உடம்பில் தெம்பில்லை என்பது இருவருக்கும் தெரியும். நான் அழுதேன். நீ மெல்ல நடந்து போய், மிஞ்சிய வரிசையில் ஒரு செடியின் அடியை விரலால் தோண்டிப் பார்த்தாய். திரும்ப மண்ணை மூடினாய்.

"கழுவுன இதுல முடிச்சே இல்ல. நீ முடிச்சுக்குப் பயந்து புடுங்குன பாரு, அதுதான் என் ரிசல்ட்டு. இத மட்டும் புடுங்கிறாத, காய்க்கட்டும்."

நான் நம்பினேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

காய் முற்றுவதற்குள் நீ போய்விட்டாய். காரியமெல்லாம் முடிந்து, காய்ந்த செடிகளைப் பிடுங்கினேன். சுருங்கிய முடிச்சுகள், ஒவ்வொரு வேரிலும். உன் கண்ணுக்குத் தப்பியிருக்காது. பாதகத்தி, நீ பார்த்துவிட்டுத்தான் மூடியிருக்கிறாய். மண்ணிலேயே உட்கார்ந்து உன்னைத் திட்டித் திட்டி அழுதேன்.

இப்போது நான் கங்காணி. என் வாய் உனக்குத் தெரியும், தவறணையே நடுங்கும். போன வாரம் என் வயதுக்காரி ஒருத்தி, கழிவு என்று நினைத்து நல்ல கன்றுகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு என் முன்னால் கை பிசைந்து நின்றாள். வைவதற்கு வாயைத் திறந்தேன்.

"எப்பிடியும் புடுங்க வேண்டிய கன்னுதான். போ, போய் டீ குடி" என்றேன்.