வெள்ளைப் புள்ளி

ஜூன் 11, 2025, புதன்

பென்சில் பெட்டியில் ஒயிட்னர் இல்லை. மறுபடியும்! தேடவே வேண்டாம். புதுவாயலில் என் நைனாவின் கார் ரிப்பேர் ஷெட்டில் இருக்கும். எஞ்சினுக்குள் பல் சக்கரத்தை ஓட்டும் டைமிங் செயினைக் கழற்றும் முன் அந்தச் சக்கரத்திலும் அதற்கு நேராக எஞ்சினிலும் வெள்ளைப் புள்ளி வைப்பார். மாட்டும்போது இரண்டையும் சேர்ப்பார். அதற்கு என் ஒயிட்னர்தானா கிடைத்தது?

ஜூன் 12, வியாழன்

என் ஒயிட்னர் போன கார் ரகு அண்ணனுடையது. புதுச் செயின் போட்டும் உதறுகிறது; எஞ்சின் விளக்கு அணையவில்லை. ஆரம்பாக்கத்திலிருந்து ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றுகிற வண்டி.

"திங்கக்கிழமை போகலன்னா வேற வண்டி போட்டுடுவாங்கண்ணே."

"நான் வச்ச புள்ளி தப்பாதுப்பா" என்றார் நைனா.

ஜூன் 13, வெள்ளி

திரும்பப் பிரித்தார். அதே புள்ளி. அதே உதறல்.

அம்மாவின் போனில் அந்த எஞ்சினின் கையேட்டைப் படித்தேன். வால்வு திறக்கும் நேரம் ஓடும்போதே மாறுகிற எஞ்சின். அதனால் சக்கரம் இரண்டு பாகம்: வெளியே பல், உள்ளே வால்வைத் திறக்கும் தண்டோடு சேர்ந்த பாகம். எஞ்சின் நின்றதும் ஒரு முள் விழுந்து இரண்டையும் பூட்ட வேண்டும். அது விழாமலே புள்ளி வைத்திருந்தால்? பல் சரியாக நிற்கும், தண்டு திரும்பியிருக்கும்!

ஓடிப்போய்ச் சொன்னேன். "நீ பத்தாவது பாஸ் பண்ற வழியப் பாரு."

படி படி என்பதும் இவர்தான். படித்ததைச் சொன்னால் விரட்டுவதும் இவர்தான். சே!

ஜூன் 14, சனி

சோறு கொண்டுவந்த அம்மாதான் கேட்டாள்: "அது சொல்றத ஒரு தபா கேட்டா இன்னா கொறஞ்சிடுவ?"

"சரி, படி."

'பின்னோக்கித் திருப்பவும்' என்று படித்தேன்.

"எது பின்ன? இந்தாண்ட நின்னா ஒரு பக்கம், அந்தாண்ட நின்னா ஒரு பக்கம்."

படத்தில் இருந்த அம்புக்குறியைக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு தண்டை மெல்லத் திருப்பினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"முள்ளு உழுந்துச்சு" என்றார்.

பழைய புள்ளிகளைத் துடைத்துவிட்டு, சக்கரத்தில் கம்பெனி போட்ட கோட்டுக்கே செயினைச் சேர்த்தார். பானெட் மேல் கை வைத்து ஜெபம் செய்தார். சாவி. உதறலே இல்லை!

ரகு அண்ணனிடம் என்ன சொன்னார் தெரியுமா? "கர்த்தர் செஞ்சார்பா." என்னைப் பற்றி? ம்ஹூம்.

ஜூன் 16, திங்கள்

ரகு அண்ணன் வண்டி நிறைய ஆளோடு ஹார்ன் அடித்துக்கொண்டு போனார்.

ஜூன் 19, வியாழன்

காலையில் பெட்டியில் புது ஒயிட்னர். சாயங்காலம் காணோம்!

கோபமாக ஷெட்டுக்குப் போனேன். வேறொரு கார் திறந்து கிடந்தது. நைனா கையில் ஒயிட்னர், மூடிகூடத் திறக்காமல்.

"உனுக்காக எம்மா நேரம் நிக்கறது? போன்ல அந்த முள்ளு உழற பக்கத்தப் படி. அப்பாலதான் புள்ளி."