வெள்ளிக்கிழமை நண்டு

அன்பு ஜெசிதா,

குருநகரில் அம்மா வீட்டில் சுகமாய் இருப்பாய்.

கலியாணத்துக்குப் பிறகு என் கூட்டாளிகளை முதன்முதலாய் இராச்சாப்பாட்டுக்கு அழைத்தவன் நான். வெள்ளிக்கிழமை என்பதை மறந்தவனும் நான்தான். உன் நண்டுக்கறியைக் கண்டதும் வாகீசன், "தங்கச்சி, வெள்ளியிலை நாங்கள் மீன் மச்சம் தொடுறேல்லை" என்றான். நீ என்னைப் பார்த்தாய்.

"நானும் தொடுறேல்லை. இவ வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவ, எங்கடை பழக்கம் தெரியாது" என்றேன்.

மூன்று மாதமாய் வெள்ளி தவறாமல் நீ உடைத்துத்தந்த நண்டுக்காலை விரல் சூப்பித் தின்றவன். அன்றும் எனக்கென்று உடைத்துத் தட்டில் வைத்திருந்தாய். அதைத் தள்ளிவைத்தேன். நீ எல்லோருக்கும் பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்தாய். மறுநாள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய்.

வரும் வெள்ளி அவர்களை மறுபடியும் கூப்பிட்டிருக்கிறேன். அவர்களுக்குச் சைவம், எனக்கு நண்டு. உடைக்கத் தெரியாமல் நான் திண்டாடுவதை அவர்கள் பார்க்கட்டும். நீயும் வந்து பாரேன்.

வெள்ளியிலும் மச்சம் தின்னும்
உன் புருசன்