கிண்டல் இல்லாத கவிதை

அக்டோபர் 1, செவ்வாய்

கைக்குப் பூசும் வெள்ளைப் பொடிப் பெட்டியில் அப்பாவின் பான்கேக் மாவைக் கொட்டி வைத்தேன். என் தோழி மாரிட் இரண்டு கையாலும் அள்ளித் தேய்த்தாள். வியர்வையில் அது பசையாகிவிட்டது. "முட்டையும் உடைச்சு ஊத்தியிருந்தா இங்கயே சுட்டுத் தின்னிருக்கலாம்டி" என்றாள். ஜிம் முழுக்கச் சிரிப்பு. சிரிக்காத ஒரே ஆள் எங்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் கோச் ரென்ஸ்கா. பெட்டியைக் கழுவி, தரை முழுக்கக் கூட்டச் சொல்லிவிட்டார். கலைஞர்களை இந்த ஊர் நடத்துகிற லட்சணம் இது.

ஒரு லாபம். நான் கூட்டி முடிப்பதற்குள் பீமில் என் முறை வந்து போயிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

இன்று பீமில் என் முறை வந்ததும் கழிப்பறை.

அக்டோபர் 17, வியாழன்

சரி, எழுதியே விடுகிறேன். இதை யார் படிக்கப்போகிறார்கள்?

பீம் என்பது பத்து சென்டிமீட்டர் அகலக் கட்டை. அதன் மேல் நின்று, பின்னால் வளைந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை ஊன்றி, காலை ஒவ்வொன்றாகச் சுழற்றி எழ வேண்டும். போன வருஷம் முழுக்கப் பல் தேய்ப்பதைப் போலச் செய்துகொண்டிருந்தேன். செப்டம்பரில் ஒரு நாள் என் வலது கை ஊன்றிய இடத்தில் கட்டை இல்லை. காற்றுதான் இருந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்தது, அவ்வளவுதான். எலும்பு உடைந்திருந்தால்கூடச் சொல்லிக்கொள்ள ஒரு கட்டாவது இருந்திருக்கும்.

இப்போது ஏறி நின்று கையைத் தூக்குவேன். தலை 'போ' என்கிறது. இடுப்பு 'எங்கே?' என்கிறது. இரண்டும் என் சம்பளம் வாங்காத வேலைக்காரர்கள், சொன்னால் கேட்பதில்லை.

கட்டையில் போகிறவள் என்று திட்டினால் மற்றவர்களுக்குக் கோபம் வரும். எனக்கு அது இப்போது வாழ்த்து.

நவம்பர் 12, செவ்வாய்

ரென்ஸ்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஜனவரி கடைசியில் லேவார்டனில் வட்டாரப் போட்டி. எங்கள் கிளப்பிலிருந்து பீமுக்கு நான்கு பேர். "ஜனவரி பதினாலு வரைக்கும் பார்ப்போம் ஹிஸ்கா. பின்வளைவு வரலைன்னா உன் இடத்துல ஃபென்னா போவா. கோச்சுக்கோ, பரவாயில்லை."

கோபித்துக்கொள்ள அனுமதி கொடுத்தால் அது எப்படிக் கோபம் ஆகும்?

ஃபென்னா போன கோடையில்தான் சேர்ந்தாள். அவள் பின்வளைவைப் பார்த்தால் தூக்கம் வரும், அவ்வளவு ஒழுங்கு. அது பத்தாதென்று என்னிடம் வந்து, "எனக்கும் சில நாள் பயமா இருக்கும்" என்றாள், தலையைச் சாய்த்துக்கொண்டு. யார் பயந்தது? எனக்குத் தண்ணீர் தாகம். அதனால்தான் இறங்கினேன். தாகத்துக்கு ஒருத்தி ஆறுதல் சொல்வாளா?

நவம்பர் 21, வியாழன்

டிசம்பர் ஐந்து, பரிசு கொண்டுவரும் தாடித் தாத்தா சின்டர்கிளாஸின் மாலை. அதற்குச் சீட்டு எடுத்தோம். யார் பெயர் வருகிறதோ அவர்களுக்கு ஒரு சின்னப் பரிசு, கூடவே அவர்கள் மானத்தை வாங்குகிற ஒரு கவிதை. கீழே சின்டர்கிளாஸ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது. இந்த நாட்டில் எனக்குப் பிடித்த ஒரே சட்டம்.

எனக்கு வந்த பெயர் ரென்ஸ்கா. கடவுள் இருக்கிறார்.

டிசம்பர் 5, வியாழன்

அவமானம். இதற்கு வேறு சொல் கிடையாது.

ஜிம்மின் பின்னறையில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். ரென்ஸ்கா தன் கவிதையைத் தானே படித்தார். அவருடைய விசிலுக்கு வாய் நாறுவதாக நான் எழுதிய இடத்தில் நின்று என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மாரிட்டுக்கு அவள் குறட்டையைப் பற்றி. ஃபென்னாவுக்குக்கூட, வந்து ஆறு மாதம் ஆகாதவளுக்கு, காலுறையை மடித்து வைக்கிற பழக்கத்தைப் பற்றி நாலு வரி. அவள் காது வரைக்கும் சிவந்து சிரித்தாள்.

என் முறை. பொட்டலத்தைப் பிரித்தால் சாக்லேட்டில் வார்த்த H, என் பெயரின் முதலெழுத்து. கவிதை இது:

*அன்பான ஹிஸ்கா, உன் சிரிப்பு இனிமை,*
*உன்னைப் போல் தோழி கிடைப்பது அருமை.*

முடிந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் காலி.

இனிமையாம். அருமையாம். ஒரு ஆளைப் பற்றி இந்த மாதிரி எழுதுவது அவர் பெட்டிக்குள் படுத்து, ஊர்வலத்துக்குத் தயாரான பிறகுதான். எல்லாரும் கை தட்டினார்கள், ஆஸ்பத்திரியில் தட்டுவதுபோல மெதுவாக. ரென்ஸ்கா எழுந்து போய்ப் பால் காய்ச்சினார். ஒருவர்கூட என் கண்ணைப் பார்க்கவில்லை.

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும். தாகம், கழிப்பறை, தலை பின்னுவது, என் சாக்கு எல்லாமே.

டிசம்பர் 7, சனி

எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துக்கொண்டே மாரிட்டைப் பிடித்தேன்.

"அந்தக் குப்பையை எழுதினது நீதானே?"

"சின்டர்கிளாஸ் எழுதினது."

"சின்டர்கிளாஸ் கையெழுத்துல 'ஸ்' இவ்வளவு கோணலா வராது. சொல்லுடி."

குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "ரென்ஸ்கா எல்லார்கிட்டயும் சொன்னாங்க, உன்கிட்ட பீம் பத்திப் பேச வேணாம், கேலி வேணவே வேணாம்னு. பீமை விட்டா உன்கிட்ட வேற என்ன இருக்கு எழுத? மூக்கைப் போன வருஷமே எழுதிட்டேன்."

"அதுக்கு இனிமை, அருமையா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீ சொன்னியா எங்ககிட்ட, பயமா இருக்குன்னு? ஒண்ணுமில்லாத மாதிரி நடிச்சே. சரி, நாங்களும் ஒண்ணும் தெரியாத மாதிரி நடிச்சோம். உனக்கு மட்டும்தான் நடிக்கத் தெரியுமா?"

பாலத்தில் ஏறும்போது அவளை முந்திக்கொண்டு போய்விட்டேன். பதில் இருந்தது. காற்று அதிகம், அதனால் சொல்லவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

யாரைப் பற்றி வேண்டுமானாலும் நான் எழுதலாம், என்னைப் பற்றி எழுதினால் உடைந்துவிடுவேனாம். நான் என்ன பீங்கான் பூனையா? அப்பா ரொட்டியோடு வந்து, "யார்கிட்டம்மா கத்துறே?" என்றார். "இன்னும் ஆரம்பிக்கலப்பா" என்றேன்.

இவர்களுக்கு எழுதத் தெரியாது. நானே எழுதுகிறேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

பயிற்சி தொடங்கும் முன் பீம் மேல் ஏறி உட்கார்ந்து படித்தேன். சின்டர்கிளாஸ் ஊர் திரும்பிவிட்டார், தாமதமாக வந்த தபால் இது என்றேன்.

*கட்டை மேல ஏறுவா, கையைத் தூக்குவா,*
*கழிப்பறைக்கு வழி கேட்டு உடனே இறங்குவா.*
*தண்ணி குடிப்பா, தலை பின்னுவா, பொடி பூசுவா,*
*பின்னால வளையச் சொன்னா கதை பேசுவா.*

யாரும் சிரிக்கவில்லை. ரென்ஸ்காவையே பார்த்தார்கள், சிரிக்கலாமா என்று. சொந்தக் கிண்டலுக்கும் அனுமதிச் சீட்டா? "சிரிச்சுத் தொலைங்க" என்றேன். குரல் நான் நினைத்தபடி வரவில்லை, நடுவில் உடைந்தது. "பயமாத்தான் இருக்கு. போதுமா? கை வைக்கிற இடத்துல கட்டை இருக்காதுன்னு தோணுது. தினமும் தோணுது. இப்ப சிரிங்க."

அப்புறம் மாரிட் தொண்டையைக் கனைத்தாள்.

"கால்வாய்கூட உறைஞ்சுரும் இந்தக் குளிருல, ஹிஸ்கா காலு மேல போகாது இந்தப் பொறப்புல."

முதலில் ரென்ஸ்காதான் சிரித்தார், மூக்கு வழியாக, பன்றி மாதிரி. இங்கே கால்வாய் உறைந்து எத்தனை வருஷம் ஆகிறதென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். மாரிட் ஒரு துரோகி. ஆனால் நல்ல வரி. என்னுடையதைவிட நல்ல வரி. அதுதான் தாங்கவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

வாழ்க்கையே நாசம். தண்ணீர்ப் புட்டியைத் தொட்டால் நாலு திசையிலிருந்தும் "தண்ணி குடிப்பாஆ". தலைமுடியில் கை வைத்தால் "தலை பின்னுவாஆ". இன்று எனக்கு நிஜமாகவே கழிப்பறை வந்தது. போக முடியவில்லை. இது மனித உரிமை மீறல்.

வேறு வழியில்லாமல் பயிற்சி செய்தேன். பீமின் இருபக்கமும் மெத்தைகளை அதன் உயரத்துக்கே அடுக்கி, அதன் மேல். விழுந்தால் விழுவதற்கு உயரமே இல்லை. அப்படியும் முதல் தடவை பாதியில் திரும்பினேன். பிறகு போனேன். கட்டை இருந்தது.

ஜனவரி 7, செவ்வாய்

மெத்தைகளை வாரா வாரம் குறைக்கிறார். இன்று இடுப்பளவு பள்ளம். ரென்ஸ்கா முதுகுக்கு அடியில் கை வைத்திருந்தார். "கையை எடுத்துட்டா முதல்ல சொல்லிடணும்" என்றேன். "சொல்றேன்" என்றார். சொல்லிவிட்டுத்தான் எடுத்தார். அதற்கு மரியாதை. போகவில்லை நான், அது வேறு விஷயம்.

ஜனவரி 9, வியாழன்

இன்றும் போகவில்லை. எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

கடைசி நாள். முழு உயரம். கீழே வழக்கமான மெத்தை மட்டும். ஃபென்னா ஓரமாக நின்றாள், இப்போதே மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு. அந்த முகத்துக்காகவே அவளைக் கால்வாயில் தள்ளலாம்.

ஏறினேன். கையைத் தூக்கினேன். நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். உள்ளங்கால் வியர்த்தது. வாயைத் திறந்தேன், இந்தக் கட்டை இன்று கொஞ்சம் சாய்வாக இருக்கிறதென்று சொல்ல.

மாரிட் ஆரம்பித்தாள்: "பின்னால வளையச் சொன்னா..."

ஜிம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. ஃபென்னாவும். அவளும். என் வரியை, என் எதுகையை, என்னிடமே. முடிக்க விடுவேனா? அவர்கள் "கதை" என்றபோது என் தலை பின்னால் போயிருந்தது. கை தேடியது. கட்டை இருந்தது. ஒரு கால், அடுத்த கால். "பேசுவா" என்று அவர்கள் முடித்தபோது நான் நின்றுகொண்டு அவர்களைப் பார்த்தேன். அந்த 'வா' பாதியிலேயே செத்துவிட்டது.

"கதை யாரு பேசினா?" என்று கேட்டேன். உடனே கட்டையில் உட்கார்ந்துகொண்டேன், வேண்டுமென்றே உட்காருவதுபோல.

ரென்ஸ்கா ஃபென்னாவிடம் போய் என்னவோ சொன்னார். ஃபென்னா தலையாட்டிவிட்டு என் காலுறையை எடுத்து மடித்து வைத்தாள்.

ஜனவரி 25, சனி

லேவார்டன். பின்வளைவு சரி. அடுத்து வெறும் அரைத் திருப்பம், ஆறு வயதுப் பிள்ளைகள் செய்வது. அதில் விழுந்தேன். முழுசாக ஒரு புள்ளி பிடுங்கிக்கொண்டார்கள். பின்வளைவுக்கு எவ்வளவு பாடுபட்டேன் என்று அந்த நடுவர் அம்மாவுக்குத் தெரியுமா? கேட்கப் போனேன். ரென்ஸ்கா என் பனியனைப் பிடித்து இழுத்துவிட்டார்.

மாரிட் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். எதுகை தேடுகிறாள். எனக்குத் தெரியும்.

டிசம்பர் 5, வெள்ளி

இந்த வருஷம் எனக்குப் பன்னிரண்டு வரி. பன்னிரண்டு. அரைத் திருப்பத்தில் விழுந்தது, நடுவரோடு சண்டைக்குப் போனது, மூக்கு மறுபடியும், சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கியது, அப்பாவின் மீசையை நான் வரைந்த படம். கடைசி வரியில் என் பாட்டுக் குரலைத் தவளையோடு ஒப்பிட்டு, தவளையிடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறாள் மாரிட். ஒவ்வொரு வரியும் பொய், அவதூறு. வழக்குப் போடலாம். ஃபென்னா சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தாள்.

வீட்டுக்கு வந்து சாக்லேட் H-இன் இரண்டாவது காலைக் கடிக்கும்போது, அடுத்த வருஷம் பழிவாங்க வசதியாக அந்தத் தாளை மறுபடி படித்தேன். பின்வளைவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. யாரும் தவிர்த்ததாகத் தெரியவில்லை. மறந்துவிட்டார்கள்.

நானும்.