பெட்டி கேட்ட வார்த்தை

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், என் முழங்காலைத் தவிர, அது என்றைக்கு நன்றாக இருந்தது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் சித்தப்பா பேச்சை எடுத்தாலே 'விடும்மா, பழசு' என்று குறுக்கே விழுவாய். காகிதத்துக்குக் குறுக்கே யாரும் விழ முடியாது. அன்றைக்கு நீ பாதியில் போனை வைத்துவிட்டாய், அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது, அதை நான் சொல்லாமல் யார் சொல்வது.

கல்யாணத்துக்கு முன்னால் நீ லினக்ஸ் போட்டு, எம்ப்ராய்டரி மெஷினோடு இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனாயே, அந்தப் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, சட்டைப் பைக்கு வைக்கிற சின்னம் அத்தனையும் நாம்தான் தைத்துத் தரவேண்டும், துணி வெட்டி மடித்து மேசை மேலே மலை மாதிரி கிடக்கிறது. பெட்டியைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மளமளவென்று ஓடி ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அணைத்துப் போட்டாலும் அப்படியே. நீ ராப்பகலாக உட்கார்ந்து வரைந்த டிசைன் எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. உன் அப்பா என்னைக் கேட்காமல் தம்பிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். தெருமுனையிலேயே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கூடப்பிறந்தவனை விட்டுவிட்டு வேறு யாரைக் கூப்பிடுவது என்று என்னிடமே கேட்கிறார்.

வந்தான். அவன் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் நான், அதனால் வந்தான் என்றுதான் எழுதுவேன். வந்ததும் செருப்பைக்கூடச் சரியாக விடவில்லை, பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது செத்துப்போச்சு அண்ணி, லினக்ஸாம் லினக்ஸ், ஊர்ல இல்லாத வித்தையை உங்க பொண்ணு இதுல காட்டிட்டுப் போயிருக்கா, மொத்தத்தையும் அழிச்சிட்டு நல்லதா ஒண்ணு போட்டுத் தரேன் என்றான். அழித்தால் உள்ளே இருப்பது என்று கேட்டேன். போனது போனதுதான், புதுசா வரைஞ்சுக்கலாமே என்று சிரிக்கிறான். உன் கை வேலையை அவன் கையால் அழிக்கவா நான் உயிரோடு இருக்கிறேன். பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு உனக்குப் போன் போட்டேன், அதுவரைக்கும் உனக்கே தெரியும்.

திரையைப் படம் பிடித்து அனுப்பினேன், நீ பார்த்து உடனே சொன்னாய், அதற்குள்ளே கடிகாரத்துக்கென்று ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது, அது தீர்ந்துவிட்டது, நாம் ராத்திரி தையல் வேலை முடித்துச் சுவர் சுவிட்சை அணைத்தால் பெட்டிக்குத் தேதி மறந்துபோய் என்றைக்கோ ஒரு பழைய வருஷத்தில் கண் விழிக்கிறது, டிஸ்க்கோ நான் அதற்குப் பிறகும் வேலை செய்தேனே என்கிறது, இரண்டுக்கும் கணக்கு ஒத்துவராமல் நின்றுகொண்டு பெரிய கடவுச்சொல்லைக் கேட்கிறது என்று. டிசைன் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றாய், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. கடவுச்சொல் என்ன என்றேன். ஸ்பீக்கர்லயா இருக்கு, சித்தப்பா பக்கத்துல இருக்காரா என்று குரலைத் தாழ்த்தினாய், உனக்கே தெரியும்மா, அந்தக் கடைல எனக்கு வெச்ச பேருதான், அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாய். பெரியவருக்குச் சங்கடம் வேண்டாம் என்று நினைத்தாய். உனக்கு அந்தப் புத்தி உன் அப்பா வழியில் வந்தது, என் வழியில் அப்படி யாரும் கிடையாது.

அவன் காதிலும் விழுந்துவிட்டது. என்ன பேரு அண்ணி, யார் வெச்சது என்று கேட்டான். நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன், முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே நினைவில்லை. எனக்கு அப்போது வந்த கோபம் அவன் அதைச் சொன்ன அன்றுகூட வரவில்லை. இத்தனை வருஷம் நான் நெஞ்சில் முள்ளாகச் சுமக்கிறேன், குத்தியவன் கையை உதறிவிட்டுப் போயிருக்கிறான். உட்கார் தம்பி என்றேன், ஸ்டூலை இழுத்துப் போட்டேன். பள்ளிப்படிப்பு முடித்து உன் கடையில் வேலை கற்றுக்கொள்ள ஒருத்தி வந்தாளே, நினைவிருக்கிறதா, திருப்புளியைத் தொடவிட்டாயா, கையில் துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னாய், கட்டம் போட்ட பச்சைச் சட்டை போட்டிருந்தாய், பேங்க் மேனேஜர் யார் இந்தப் பொண்ணு என்று கேட்டதற்கு இதுவா, இதுதான் நம்ம கடை தூசுதட்டி, துடைக்கிற கைக்கு இது போதும் சார் என்றாய், கடையே சிரித்தது, நான் உனக்குச் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் நின்றுகொண்டிருந்தேன் என்றேன். அவன் காது மடல் சிவந்தது. விளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன் அண்ணி என்றான். நல்லது, இப்பவும் விளையாட்டாகவே அடி, எனக்குக் கண் மங்கல், இங்கிலீஷ் எழுத்தும் தெரியாது என்றேன்.

அடித்தான். திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை. பாத்தீங்களா, கீபோர்டும் போச்சு என்று குதித்தான். எழுந்து போக வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தான் போலிருக்கிறது. அது அப்படித்தான் தம்பி, லினக்ஸ் கடவுச்சொல்லைக் காட்டாது, நீ அடித்தது உனக்கும் அதற்கும்தான் தெரியும் என்று என் மகள் அன்றைக்கே சொல்லியிருக்கிறாள், அடித்துவிட்டு என்டரைத் தட்டு என்றேன். தட்டினான், தப்பு என்றது. இங்கேதான் எனக்கு வேடிக்கை. நம் பேச்சை இங்கிலீஷ் எழுத்தில் எழுதச் சொன்னால் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள் அல்லவா, தூவுக்கு எப்படி அண்ணி, ட்டிக்கு எத்தனை என்று என்னைக் கேட்கிறான். நீ வெச்ச பேரு, என்னைக் கேட்டால் என்றேன். ஒரு விதமாக அடித்தான், தப்பு. இன்னொரு விதமாக அடித்தான், அதுவும் தப்பு. ஒவ்வொரு தடவையும் வாய்க்குள் தூசுதட்டி தூசுதட்டி என்று முணுமுணுத்துக்கொண்டே தேடுகிறான், நெற்றியில் வியர்வை. உன் அப்பா கதவோரத்தில் நின்று தாங்க முடியாமல் போதும்டி என்றார். நான் எங்கே அடிக்கிறேன், அவன்தானே அடிக்கிறான் என்றேன்.

எனக்கு அது முதலிலேயே தெரியும். துடைக்கிற துணி வைக்கும் டப்பாவில் அந்தப் பெயரை எழுதி ஒட்டியிருந்தானே, நீ வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் வைத்த டப்பா. இங்கிலீஷ் எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டாலும் பூ வேலை செய்கிறவளுக்கு உருவம் மறக்காது. அவன் நன்றாக வியர்த்த பிறகு சொன்னேன், முதலில் குறுக்குக் கட்டை வைத்த கம்பம், பக்கத்தில் ஒரு நாற்காலி, அப்புறம் மூக்குக்கண்ணாடி மாதிரி இரண்டு வட்டம், போகப்போக மறுபடி ஒரு கம்பமும் நாற்காலியும், கடைசியில் இரண்டு கம்பம் ஒட்டி நிற்க, அவற்றுக்குப் பின்னால் தலையில் பொட்டு வைத்த குச்சி என்று. என் கையெழுத்து என்றான். அடித்தான், பெட்டி திறந்தது.

அதற்கப்புறம் திரையில் சொல்லியிருந்தபடி ஏதோ தட்டினான், அது வரிவரியாகக் கேள்வி கேட்க, இவன் ஒவ்வொன்றுக்கும் ஒய், ஒய் என்று ஒரே எழுத்தைத் தட்டுகிறான். என்ன அது என்றேன், ஆமாம்னு அர்த்தம் அண்ணி என்றான். நீதான் சொன்னாயா, ஆமாம், சிரித்தாயா, ஆமாம், அவள் அழுதாளா, ஆமாம் என்று அதுவே விசாரிக்கிற மாதிரி எனக்கு இருந்தது, வயிறு குளிர்ந்தது. தேதியையும் சரிபண்ணினான். உன் டிசைன் ஒன்றுகூடக் கெடவில்லை, மெஷின் ஓட ஆரம்பித்தது, பள்ளிக்கூடத்துக்கு முதல் கட்டுச் சின்னம் போயும் விட்டது, தலைமையாசிரியை அம்மா தையலைத் தடவிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்களாம்.

மறுநாளே சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி கொண்டுவந்தான். இதை மாட்டிட்டா அது அப்புறம் தேதியை மறக்காது, கடவுச்சொல்லும் கேட்காது, நானும் தினம் வர வேண்டியதில்லை அண்ணி என்றான். வாங்கி, நூல் சுற்றும் பாபின் டப்பாவில் போட்டு மூடினேன். வேலை நடக்கும்போது பெட்டியைப் பிரிக்கக்கூடாது தம்பி, ஆர்டர் முடியட்டும் என்றேன். இப்போது காலையில் தன் கடையைத் திறப்பதற்கு முன்னால் இங்கே வந்து, அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த வார்த்தையை அடித்துவிட்டுப் போகிறான். நான் பின்னாலேயே நின்று, என்ன அடிச்சே தம்பி, திரையில தெரியலையே, வாயால சொல்லு என்கிறேன். சொல்கிறான். முதலில் முனகினான், இப்போது தெளிவாகவே சொல்கிறான். நேற்று ஸ்டூலை விட்டு எழுந்திருக்கும்போது, பிள்ளை எப்படி இருக்கா என்று உன்னைப் பற்றிக் கேட்டான். நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

பேத்தியை வெறுங்காலோடு ஈரத் தரையில் விடாதே. மாப்பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடட்டும், நீயும் சாப்பிடு, போனில் முகம் இளைத்துத் தெரிகிறது. எல்லோரும் நூறு வயது குறையில்லாமல் வாழவேண்டும், உன் கை தொட்டதெல்லாம் துலங்கவேண்டும். கடிதம் கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரு வார்த்தை அனுப்பு. ஆர்டர் நாளையோடு முடிகிறது, அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. பேட்டரியை மாட்டச் சொல்லி நீ ஒரு வார்த்தை கேட்டால் மாட்டிவிடுவேன், உன் பேச்சை நான் தட்டியதில்லை. அதனால் கேட்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
அம்மா