சூடோவுக்கு முன் பத்து எண்ணு

மச்சான்,

நீ எழுதி ஒட்டிய சீட்டு இன்று காலை உரிந்து விழுந்தது. மூன்று வருஷமாக மானிட்டரின் கீழ் ஓரத்தில் இருந்த சீட்டு. பசை காய்ந்துபோயிருக்க வேண்டும். மின்விசிறியைக் கூட்டியதும் கீபோர்டு மேல் வந்து கிடந்தது. "சூடோ போடும் முன் பத்து எண்ணு." உன் சாய்ந்த கையெழுத்து. திரும்ப ஒட்டுவதற்கு டேப் தேடினேன், அகப்படவில்லை. அதனால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஆறாது.

சூடோ விஷயத்தில் நான் எப்படிப்பட்டவன் என்பது உனக்குத் தெரியும். நம் லினக்ஸ் மெஷின் எதற்காவது "அனுமதி இல்லை" என்று சொன்னால் போதும், ஏன் இல்லை என்று கேட்கிற பொறுமை எனக்குக் கிடையாது. கட்டளைக்கு முன்னால் அந்த ஒரு சொல்லைப் போட்டுவிடுவேன். போட்டால் மெஷின் என்னை முதலாளியாக நினைத்துக்கொண்டு எல்லாக் கதவையும் திறக்கும். நீ தலையில் அடித்துக்கொள்வாய். "சாவி கைல கீது. நீ இன்னாத்துக்கு மச்சான் கதவ ஒட்ச்சிக்கினு போற?"

அப்படித்தான் மூன்று வருஷத்துக்கு முன் உன் நான்கு மாத உழைப்பின் மேல் வேறு கோப்பைக் கொட்டி அழித்தேன். என்றைக்கோ வரப்போகிற உன் மகள் நஸ்ரீனின் கல்யாணப் பத்திரிகைக்கென்று உன் கையெழுத்திலேயே நீ வரைந்துகொண்டிருந்த எழுத்துரு அது. உயிரெழுத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. முடிச்சூர் சாலையில் இத்தனூண்டு டிசைன் கடை, இரண்டு நாற்காலி, ஒரே கம்ப்யூட்டர். அதில் உனக்கு ஒரு லாகின் கணக்கு, எனக்கு ஒரு லாகின் கணக்கு. பேசாமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் இந்தச் சீட்டை ஒட்டிவிட்டுச் சொன்னாய்: "இனிமே என் ஃபோல்டர் பக்கம் வராத. அல்லாத்தியும் பூட்டிட்டேன்."

தப்பு என்னுடையதுதான். ஆனாலும் அந்தப் பூட்டு எனக்கு வலித்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, அப்புறம் ஒரே கடை. என்னிடமிருந்து எதையும் பூட்டி வைக்கிற ஆள் இல்லை நீ. அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த எழுத்தை நீ வேறு எந்த வேலைக்கும் கொடுக்கவில்லை. போஸ்டர் அடிக்க வந்த கட்சிக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு ஒற்றைக்காலில் நின்றார். "அண்ணா, அது எம் பொண்ணு பேருல கீது. அவ கல்யாணத்துக்கு மட்டும்தான்," என்று சொல்லி அனுப்பிவிட்டாய். பெயரே அதுதானே, 'நஸ்ரீன்'. ஒருநாள் எழுத்துப் பட்டியலை எனக்குக் காட்டினாய். கடைசியில் ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. 'ஹூ' இருக்கவேண்டிய இடம். ஏனடா விட்டுவிட்டாய் என்று கேட்டேன்.

"அது மர்ஹூமுக்குத்தான் மச்சான் வோணும். நம்ம பத்திரிகைல கீற பேரெல்லாம் நல்லா உசுரோட கீது. எங்க வாப்பாவே பொழிச்சலூர்ல தெனம் வாக்கிங் போறாரு. அந்த எழுத்துக்கு இன்னா வேலை?"

இருவரும் சிரித்தோம். காலமானவர் பெயருக்கு முன்னால் உங்கள் வீடுகளில் போடுகிற சொல் அது. எங்கள் பத்திரிகைகளில் 'தெய்வத்திரு' போடுவது மாதிரி.

பிறகு போன மழைக்காலத்தில் உனக்கு வயிற்று வலி வந்தது. "கேஸுதான் மச்சான், பேஜார் பண்ணுது," என்றாய். நானும் நம்பி ஓமவாட்டர் வாங்கி வந்து கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்த எட்டாம் நாள் நீ இல்லை. அந்த ஓமவாட்டர் பாட்டிலை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பதினோரு மணிக்கு நஸ்ரீன் அஸ்தினாபுரத்திலிருந்து வந்தாள். பத்திரிகை வாசகத்தைத் தாளில் எழுதி எடுத்து வந்திருந்தாள். ஞாயிறு காலை அவள் அம்மாவும் தாத்தாவும் ஆம்பூருக்குக் கிளம்புகிறார்கள். பெரியவர்களுக்கு முதல் பத்திரிகையை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அதனால் அன்றே அச்சாக வேண்டும். பம்மல் பிரஸ்ஸில் இரண்டு மணிக்குள் கோப்பு கேட்டிருந்தார்கள். அதற்குமேல் பள்ளிக்கூட வேலை ஒன்று மெஷினில் ஏறிவிடும், புதன்கிழமை வரை இறங்காது.

"மாமா, எனக்கு வேற எதுவும் வேணாம்," என்றாள். "அத்தா எழுத்துல வந்தா போதும்."

வாசகத்தை என் கணக்கில் அடித்தேன். எழுத்துருப் பட்டியலில் 'நஸ்ரீன்' இல்லை. அது உன் கணக்கில் மட்டும் இருந்தது. கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. அதை மாற்றிவிட்டு உள்ளே போக வழியுண்டு, ஆனால் அதற்கு எனக்குக் கை வரவில்லை. உன் ஃபோல்டரிலிருந்து எழுத்துருவை மட்டும் எடுத்துப் பொது இடத்தில் போட்டால் ஆயிற்று என்று நினைத்தேன். சூடோ போட்டுப் பிரதி எடுத்தேன். சூடோ போட்டுப் பட்டியலைப் புதுப்பித்தேன். சூடோ போட்டு, வந்துவிட்டதா என்று கேட்டேன். 'நஸ்ரீன்' என்று பெயரைக் காட்டியது. "வந்துட்டாம்மா!" என்று கத்தியே விட்டேன்.

பக்கம் அமைக்கிற மென்பொருளைத் திறந்தால் இல்லை. பெயரை நானே தட்டிக் கொடுத்தேன். அது ஒரு வார்த்தையும் சொல்லாமல் வேறு யாரோ செய்த எழுத்தைக் கொண்டுவந்து நிரப்பியது. எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாக வந்திருந்தால்கூடத் தேவலை. அழகாக, சுத்தமாக, ஊரில் எல்லாப் பத்திரிகையிலும் இருக்கிற அதே எழுத்து வந்து உட்கார்ந்திருந்தது.

மென்பொருளை மூடித் திறந்தேன். மெஷினையே அணைத்துப் போட்டேன். வேறு ஃபோல்டரில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும், கட்டளை தட்டுகிற டெர்மினல் 'நஸ்ரீன்' இருக்கிறாள் என்றது, மென்பொருள் இல்லை என்றது. மணி பன்னிரண்டரை ஆயிற்று. பிரஸ்காரர் போன் செய்தார்.

"சார், இன்னா ஆச்சு? பிளேட்டு போடணும். மிஷினு சும்மா நின்னுகினு கீது."

"அரை மணி நேரம்பா."

"அத்தையேதான் சார் அப்பவும் சொன்ன."

நஸ்ரீன் உன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காமல் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். ஒன்றேகால் மணிக்கு மெல்லச் சொன்னாள்: "வேற எழுத்துலயே அடிச்சிடலாம் மாமா. பேரு இருக்குல்ல, போதும்." அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவளிடம் சொல்லாத இன்னொரு பயமும் இருந்தது. அவள் கொண்டுவந்த தாளில் உன் பெயருக்கு முன்னால் மர்ஹூம் என்று எழுதியிருந்தாள். எழுத்துரு வந்தாலும் அந்த ஓர் எழுத்து வராது. நீ வரையவே இல்லை. வேறு எல்லாம் உன் கையாக இருக்க, நீ இறந்துபோனதைச் சொல்கிற சொல்லின் நடுவில் மட்டும் அந்நியனுடைய எழுத்து ஒன்று நிற்கும்.

போன் மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி சூடோ என்று தட்டியபோதுதான் உன் சீட்டு கண்ணில் பட்டது. மூன்று வருஷத்தில் ஒருநாளும் நான் எண்ணியதில்லை. எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறோ ஏழோ வந்தபோது கை தானாக நின்றது.

காலையிலிருந்து நான் எல்லாவற்றையும் முதலாளியாக இருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலாளி கண்ணுக்கு எல்லாம் தெரியும். மென்பொருளை ஓட்டுவது முதலாளி இல்லை, சாதாரண நான். அந்தச் சொல்லை அழித்துவிட்டு நானாகவே கேட்டேன். இல்லை என்று பதில் வந்தது. கோப்பின் அனுமதியைப் பார்த்தேன். உடையவன் மட்டும் படிக்கலாம், மற்றவர் யாரும் தொட முடியாது. உன் பூட்டு. நான் சூடோ போட்டுப் பிரதி எடுத்தபோது பூட்டோடு சேர்த்தே தூக்கி வந்திருக்கிறேன். பூட்டு உன் பழக்கம், உடைப்பு என் பழக்கம். இரண்டும் சேர்ந்து இரண்டரை மணி நேரம் அந்தப் பெண்ணை வாட்டியிருக்கிறோம்.

எல்லோரும் படிக்கலாம் என்று ஒரே ஒரு வரி தட்டினேன். பட்டியலைப் புதுப்பித்து மென்பொருளைத் திறந்தேன்.

பத்திரிகை முழுவதும் நீ எழுதினதாக மாறியது. நஸ்ரீன் எழுந்து வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மற்ற எதையும் பார்க்கவில்லை, நேராக உன் பெயருக்குப் போனேன். மர்ஹூம். திரையைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். ஹூ இருந்தது. வேறு யாருடையதும் இல்லை, உன் சாய்வு, உன் சுழி. கீழ்க்கோடு மட்டும் கொஞ்சம் நடுங்கியிருந்தது.

"இந்த எழுத்த அத்தா எப்ப மாமா வரைஞ்சாரு?" என்று கேட்டாள். அவளுக்கும் அது கண்ணில் பட்டிருக்கிறது.

"எல்லாம் ஒண்ணாத்தாம்மா. ஆரம்பத்துலயே," என்றேன்.

ஒன்று ஐம்பதுக்குக் கோப்பு பம்மலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவள் போனபிறகு உன் ஃபோல்டரைப் பார்த்தேன், இந்த முறை சூடோ இல்லாமல். மூல எழுத்துருவை நீ கடைசியாகத் தொட்ட நாள் அதன் பக்கத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய நாள். எனக்கு நினைவிருக்கிறது. டீயோடு உள்ளே வந்தேன், நீ சட்டென்று திரையை அணைத்தாய். இன்னாடா பண்ற என்று கேட்டதற்கு, "சும்மா மச்சான், ஒரு சின்ன வேலை பாக்கி கீது," என்றாய். அது வெறும் கேஸ் இல்லை என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் உட்கார்ந்து அதை வரைந்திருக்கிறாய்.

இன்னொன்றும் பார்த்தேன். நீ வேறு எதையுமே பூட்டவில்லை. பதினைந்து வருஷத்து வேலை, பழைய எழுத்துகள், நாம் இருவரும் மெரினாவில் எடுத்த படங்கள், எல்லாம் திறந்தே கிடந்தன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மூன்று வருஷமாகப் பூட்டு பூட்டு என்று நான் உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருந்தது வெறும் மிரட்டல். நான் ஒருமுறைகூட சூடோ போடாமல் தட்டிப் பார்த்ததில்லை, அதனால் கதவு திறந்திருப்பது எனக்குத் தெரியவே இல்லை. நீ பூட்டியது அந்த ஒரே ஒரு கோப்பை. அந்த ஹூவை நீ வரைந்தது எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று.

நீ என்னிடம் மறைத்ததை இப்போது நான் உன் மகளிடம் மறைத்து வைத்திருக்கிறேன். பாரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என்னிடமே இருக்கட்டும்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பொழிச்சலூரிலிருந்து வந்த உன் வாப்பா மேடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. மறுநாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக, பொது இடத்தில் நான் போட்ட பிரதியை அழித்தேன். அது நஸ்ரீன் கல்யாணத்துக்கு மட்டும் என்று நீ சொல்லியிருக்கிறாய். மூலக்கோப்பு உன் ஃபோல்டரில், நீ போட்ட பூட்டோடு அப்படியே இருக்கிறது. பிரதியை அழிக்க சூடோ போட்டாக வேண்டும், வேறு வழியில்லை.

பத்து வரைக்கும் எண்ணினேன், மச்சான்.