ஷீலாவுக்கு வந்தது எனக்கும் வருமா

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஆபீஸ் போகும் ரயிலில் பங்காருபேட்டை ஸ்டேஷனில்தான் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலில் சாய்ந்து கண் மூடியிருந்தேன். காதருகே "ஸ்டெல்லா" என்று ஓர் ஆண் குரல். தெளிவாக. விழித்தால் எதிரில் இரண்டு கல்லூரிப் பெண்கள், காதில் இயர்போன். வேறு யாரும் இல்லை.

ஆபீசில் வேலை ஓடவில்லை. ஷீலாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் பெயர். பிறகு திட்டு. பிறகு கட்டளை.

நானும் ஷீலாவும் இரட்டையர். அச்சு அசல் ஒரே முகம்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை. வெங்காயம், ரீசார்ஜ், ஷீலாவின் மாத்திரை. எல்லாம் ஆயிற்று.

அவளுடைய டாக்டர் சொன்னதையே மனம் சுற்றுகிறது. மூளையில் சேதி கொண்டுபோகும் ரசாயனங்களில் ஒன்று டோபமைன். 'இது முக்கியம், கவனி' என்று சொல்வது அது. மனச்சிதைவு என்ற இந்த நோயில் மூளையின் ஒரு பகுதியில் அது மிகுந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக் கதவுச் சத்தம்கூடத் தனக்கான சைகையாகத் தோன்றும். மாத்திரை அதை அடக்குகிறது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியாதாம். அப்படியானால் எனக்கு எப்படித் தெரியும்? ஒரே கருவிலிருந்து பிரிந்த இரண்டு மூளை.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். நிஜமாகத்தான் கூப்பிட்டாளா என்று பேசாமல் நின்றேன்.

"காது செவுடாடி உனக்கு?"

நிஜம். அப்பாடா.

நவம்பர் 13, வியாழன்

லீவு. தலைவலி என்று பொய். ஷீலா துணி மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இன்னாடி, எதுனா கேக்குதா?"

சொல்லிவிட்டேன். அழுகை.

"திட்டுச்சா?"

"இல்ல. பேரு மட்டும். ஒரே வாட்டி."

"நாளைக்கி டாக்டராண்ட போலாம். நான் வர்றேன். உள்ள வந்து உக்காரட்டுமா, வெளிய இருக்கட்டுமா?"

"உள்ள."

நவம்பர் 14, வெள்ளி

வெயில். டாக்டர் நிறையக் கேட்டார். தூக்கம், சாப்பாடு, யாராவது பின்னால் வருவதாகத் தோன்றுகிறதா. ஷீலா என் கையை விடவில்லை.

அரைத்தூக்கத்தில் பெயர் கேட்பது பலருக்கும் உண்டாம். இப்போது நோய் என்று சொல்ல ஒன்றும் இல்லையாம்.

"இனிமே வராதுன்னு சொல்லுவீங்களா, டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. ரெட்டைப் பிறவின்னாலும் ஒருத்தருக்கு வந்தா இன்னொருத்தருக்கு வந்தே தீரணும்னு இல்ல. மறுபடி கேட்டா மறைக்காம வாங்க."

பயம் பாதிகூடப் போகவில்லை.

பஸ்ஸில் ஷீலா மெதுவாக, "என்னை மாதிரி ஆயிடுவோம்னுதான இவ்ளோ பயம்?" என்றாள். கோபம் இல்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். பாலகாட்டில், எங்கள் ஸ்டாப்பில் இறங்கும்போது என் பையையும் அவளே எடுத்துக்கொண்டாள்.